ஆயிரம் ஆண்டு மரமும் நூற்றெட்டு மணியும்

கியோட்டோ நகரில் சில மாதங்கள் தங்கித் திரும்பிய நண்பர் ஒருவர், ஊதாப் பட்டில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன், ஒரு ஜபமாலை. செம்மண் குழம்பில் தேனைக் கலந்தாற்போன்ற நிறத்தில், சுண்டைக்காய் அளவிலான மர மணிகள். அவை வந்து கூடுமிடத்தில் அவற்றினும் பெரிய மணி ஒன்று. அதிலிருந்து தொங்கும் பழுப்பு நிறப் பட்டுக் குஞ்சம். முகத்தருகே கொண்டுபோனபோது, மழையில் நனைந்த மரப்பட்டையும் கற்பூரமும் கலந்ததுபோன்ற மெல்லிய வாசனை வந்தது. மணிகளை ஒவ்வொன்றாக விரலிடையில் உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நண்பர், "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட மரம், இனிமேல் கிடைப்பது கஷ்டம்" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில், அதுவரை விரிந்திருந்த என் கை தானாக மூடிக்கொண்டது.

அந்த மூடிய கை பல நாட்கள் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. ஆசைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கழிப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு சாதனம், தானே ஓர் ஆசைப்பொருளாக ஆகிவிடுமானால், அதைக் கொண்டு செய்யும் ஜபம் எந்தத் திசையில் போகிறது? கிடைத்தற்கரிய மரத்தால் மணி கடைவது பக்தியின் செயலா, அல்லது பக்தியின் வேஷத்தில் வந்த லோபமா?

ஜப்பானிய பௌத்தர்கள் இந்த மாலையை ஜுஸு என்பார்கள்; எண்ணும் மணி என்பது அதன் பொருள். நென்ஜு என்றும் சொல்வார்கள். அது நினைக்கும் மணி. அவர்கள் இரண்டு சொற்களால் சொன்னதை நம் தமிழ் 'எண்ணுதல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்திருப்பதை நினைத்து நான் சந்தோஷப்பட்டதுண்டு. முழு மாலைக்கு மணிகள் 108. ஒயாதமா, அதாவது தாய்தந்தை மணி, என்று வழங்கும் பெரிய மணியும், நான்கு திக்பாலர்களைக் குறிக்கும் சிறு மணிகளும் அந்தக் கணக்கில் சேரா. மனிதனைப் பிணிக்கும் க்லேசங்கள் 108 என்பது அவர்கள் கொண்ட கணக்கு. வசுபந்து முதலிய ஆசாரியர்கள் வகுத்த 98 உள்ளுறை மலங்களோடு, மேலெழுந்து மனத்தைச் சூழும் பத்தையும் கூட்டி அந்த எண்ணை அடைவார்கள். வருஷத்தின் கடைசி இரவில் ஜப்பானியக் கோயில்களில் மணியை 108 முறை அடிப்பதும் இந்தக் கணக்கைப் பற்றியே.

இந்த மாலைக்கு மூலமாகச் சொல்லப்படும் சூத்திரம் ஒன்று சீன மொழியில் இருக்கிறது. அதில் ஒரு சிறு நாட்டு அரசன் புத்தருக்குத் தூது அனுப்புகிறான். எல்லைப்புறத்தில் கொள்ளை, நாட்டில் தானிய விலையேற்றம், குடிகளிடத்தில் நோய். இரவும் பகலும் தனக்கு ஓய்வில்லை என்றும், ஆழ்ந்த தர்மங்களைப் பயில அவகாசமில்லாத தன் போன்றவனுக்கு ஒரு சுலபமான வழி உண்டா என்றும் கேட்கிறான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மொகுகென்ஷி என்னும் மரத்தின் விதைகள் நூற்றெட்டைக் கோத்து எப்போதும் உடன் வைத்துக்கொள்; நடக்கும்போதும் இருக்கும்போதும் கிடக்கும்போதும் புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு விதையாகத் தள்ளிக்கொண்டு போ என்பது அவர் கூறிய உபதேசத்தின் சாரம். அந்த விதை எது என்று தேடிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் காட்டுவது, நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்துக் குளித்த பூந்திக்கொட்டையின் குலத்தைச் சேர்ந்த மரத்தை. அதைச் சீனர் எழுதும் எழுத்துக்களுக்குத் துயரம் இல்லாத விதை என்று அர்த்தம்.

பிசுபிசுத்த சதையைக் கழுவியெறிந்தால் உள்ளே உருண்டையாய், கறுப்பாய், கல்போலக் கெட்டியாய் இருக்கும் அந்தக் கொட்டையை, தமிழ்நாட்டுச் சந்தையில் இன்றைக்கும் மலிவாக வாங்கலாம். அரசன் ஒருவனுக்கே, பொன்னையும் முத்தையும் விட்டுவிட்டு இந்தக் கொட்டையைப் புத்தர் சொன்னார் என்றால், வஸ்துவின் விலைக்கும் ஜபத்தின் பலனுக்கும் சம்பந்தமில்லை என்ற தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மனித இருதயம் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதில்லை.

கி.பி. 595-இல் அவாஜி தீவின் கரையில் ஒரு கட்டை ஒதுங்கிற்று என்று ஜப்பானியரின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி கூறுகிறது. தீவு மக்கள் இன்னதென்று அறியாமல் விறகோடு அதை அடுப்பில் வைத்தார்கள். புகை வெகுதூரம் மணத்தது. திகைத்துப்போய் நெருப்பிலிருந்து எடுத்து அரச சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுதான் அகில். கண்ணுக்குத் தெரியாத தேசத்திலிருந்து கடல் கொண்டுவந்து போட்ட ஒரு மரத்துண்டை, அடுப்படி மனிதர்களே அடுப்பிலிருந்து எடுத்துக் காப்பாற்றிய அந்தச் சம்பவத்தை, ஜப்பானியரின் மரபக்தி முழுவதற்கும் பிள்ளையார்சுழி என்று நான் நினைக்கிறேன். பௌத்தமும் நறுமண மரமும் அந்த நாட்டுக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கடல்வழியில் போய்ச் சேர்ந்தவை. நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் மகாபுத்தருக்கு 752-இல் கண் திறந்துவைத்த போதிசேனர் தென்னிந்திய பிராமணர் என்று ஜப்பானிய மரபு பேசுகிறது. அந்தக் கோயிலின் பொக்கிஷசாலையான ஷோசோயினில் இருக்கும் ரன்ஜாதாய் என்னும் அகிற்கட்டை, ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் 11.6 கிலோ எடையும் உள்ளது. 1574-இல் படைத்தலைவர் ஓதா நொபுனாகா அதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். 1877-இல் மெய்ஜி சக்கரவர்த்தி மற்றொரு துண்டு. வெட்டிய இடங்களில் அவர்கள் பெயர் எழுதிய சீட்டுக்கள் இன்றும் ஒட்டப்பட்டிருக்கின்றன. நாட்டையே கைப்பற்றப் புறப்பட்டவனுக்கும் அந்தக் கட்டையில் ஒரு விரற்கடைத் துண்டு வேண்டியிருந்தது!

தெற்கிலிருந்து சீன வணிகர் வழியாக வந்ததால் இம்மரங்களைக் கராகி, சீனத்து மரம், என்றே அழைத்தார்கள். கொகுதான் என்பது நம் கருங்காலி. ஷிதான் என்பது செம்மர வகை. அந்த வகையிலே உயர்ந்ததாக அவர்கள் கொள்ளும் கோகி, நம் கிழக்கு மலைத்தொடரின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக விளையாத செஞ்சந்தனம். பியாகுதான் என்பது சந்தனம். அதிலும் மைசூர்ச் சந்தனத்துக்கே தனி மரியாதை. கொகுதான், ஷிதானுக்கு அடுத்து மூன்றாவது பெரிய கராகியான தகயாசன், இரும்பு வாள் மரம் என்ற கம்பீரமான எழுத்துக்களால் எழுதப்படுவது, என்னவென்று விசாரித்தால், நாம் சாலையோரத்தில் நிழலுக்கு நட்டு, கிளை முறிந்தால் விறகாக எரித்துவிடும் கொன்றை இனத்து மரம்! ஒரு தேசத்தின் அடுப்பு விறகு மற்றொரு தேசத்தின் பூஜா திரவியமாகிறது. மரத்தின் அருமை மரத்துக்குள் மாத்திரம் இருப்பதன்று என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆனாலும் மரத்துக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மணி கடைவதற்குத் தகுந்தது வைரம் பாய்ந்த மரம். ஒரு மரத்தில் உயிரோடு நீரைக் கொண்டுசெல்வது வெளிப்புறத்திலுள்ள வெண்மரமே. அதன் அறைகள் ஒவ்வொன்றாக மாண்டு, பிசினும் எண்ணெயும் வர்ணமும் தங்கி இறுகிய உட்பகுதியையே நாம் வைரம் என்கிறோம். உயிர் நீங்கிய பாகமே மரத்தைத் தாங்கி நிறுத்துகிறது. சந்தனத்தில் மணப்பதும் அதுவே. சந்தனம் முளைக்கும்போதே மணக்கும் என்று ஜப்பானியரிடத்தில் ஒரு பழமொழி உண்டு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்கிற அர்த்தத்தில் சொல்வார்கள். உண்மையில் சந்தனக் கன்றுக்கு மணமே கிடையாது. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பதித்து உறிஞ்சிப் பிழைக்கும் அந்த மரம், பல ஆண்டுகள் கழித்து, தன் நடுப்பகுதி இறக்கத் தொடங்கிய பிறகே மணக்கிறது. அகிலின் விஷயம் இன்னும் விசித்திரமானது. ஆரோக்கியமான அகில் மரம் வெளுத்து, இலேசாய், வாசனையற்று இருக்கும். கிளை முறிந்தோ புழு துளைத்தோ புண்பட்ட இடத்தில் பூஞ்சை புகும்போது, அதை எதிர்த்து மரம் சுரக்கும் பிசினே அந்தப் பரிமளம். பிசின் செறிந்து கறுத்த துண்டு தண்ணீரில் அமிழ்ந்துபோகும். அமிழும் வாசனை என்ற அர்த்தத்திலேயே ஜப்பானியர் அதை ஜின்கோ என்றார்கள். அவற்றுள் தலைசிறந்ததற்குக் கியாரா என்று பெயர். கருமையைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு அது என்பார்கள். நம்மவர் காரகில் என்றதும் அதே கண்ணால் பார்த்துத்தான். ஒரு நோயின் தழும்பை விரலிடையில் வைத்து உருட்டிக்கொண்டு, நோய்க்கும் மரணத்துக்கும் அப்பால் உள்ளதைத் தியானிக்கும் ஒருவன், பூந்திக்கொட்டையை உருட்டுகிறவனைவிட அதிகமாக எதையும் சம்பாதித்துவிடுவதில்லை. ஆயினும் அவன் கையில் இருப்பது வெறும் அலங்காரமன்று என்றே எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் சங்கடமான ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. அந்த மரத்தைக் கேட்டுக்கொண்டா வெட்டினோம்? பௌத்த சங்கத்தின் விநயத்தில், பிக்ஷு உயிருள்ள செடிகொடிகளைச் சேதப்படுத்தலாகாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதி பிறந்த கதையில், ஆளவி என்ற ஊரில் ஒரு பிக்ஷு மரத்தை வெட்டப் போகிறார். அதில் வசிக்கும் தேவதை, என் வீட்டை அழித்து உம் வீட்டைக் கட்டவேண்டாம் என்று மன்றாடுகிறது. அவர் கேளாமல் வெட்ட, கோடரி அந்தத் தேவதையின் குழந்தையின் கையில் படுகிறது. ஜப்பானியர் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தெந்தாய் மரபின் அன்னென் முதலியோர், புல்லும் மரமும் தாமே புத்தநிலை எய்தும் என்று வாதித்தார்கள். மனிதனின் கருணைக்குப் பாத்திரமான ஜடமாக அல்லாமல், மனிதனோடு சமமாக அந்தப் பாதையில் நடக்கும் பிரயாணியாக மரத்தைக் கண்டார்கள். அப்படியானால், புத்தனாகவேண்டிய ஒருவனைத் துண்டு துண்டாக அறுத்துத் துளையிட்டு, அவன் உடம்பை எண்ணி நான் புத்தனாகப் பார்ப்பது என்ன நியாயம்?

இதற்குச் சாஸ்திரத்தில் பதில் தேடுவதைவிட, ஜப்பானின் யமகதா பிரதேசத்து விறகுவெட்டிகளிடம் தேடுவது மேல். அங்கே மலையடிவாரங்களில், புல்மரத் தூபி என்று பொருள்படும் எழுத்துக்கள் பொறித்த கற்கள் நிற்கின்றன. மிகப் பழையது 1780-இல் யொனெசாவாவின் அருகே நாட்டப்பட்டது. வெட்டுண்ட மரங்களின் ஆத்மசாந்திக்காக, அவற்றால் பிழைத்த மனிதர்கள் நிறுத்திய கற்கள் அவை. வெட்டமாட்டோம் என்று அவர்கள் பிரதிக்ஞை செய்யவில்லை. குளிரில் பிள்ளைகுட்டிகளோடு இருப்பவனால் அது முடியாது. வாங்கிக்கொண்டோம் என்பதை மாத்திரம் மறக்காமல் கல்லில் எழுதிவைத்தார்கள்.

வாங்கிக்கொள்வது என்ற சொல்லை எழுதியதும் ஷின்ரன் என்னும் ஜப்பானிய பௌத்த ஆசாரியரின் ஞாபகம் வருகிறது. அவருடைய குருவான ஹோனென் நாளொன்றுக்கு 60,000 முறை அமிதாப புத்தரின் நாமத்தைச் சொன்னவர் என்பது மரபு. அவர் வழியினர் தவறாமல் எண்ணுவதற்காக இரண்டு வளையங்களைப் பிணைத்த மாலையையே உண்டாக்கினார்கள். ஷின்ரனோ, நாமத்தைச் சொல்லவைப்பதே அமிதாபனின் கருணை, அதில் என் புண்ணியம் என்று கணக்கு வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டவர். அவருக்குப் பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து அவர் வழிவந்த சங்கத்தைப் பெருகச் செய்த ரென்னியோவின் பெயரால், மாலையின் குஞ்சத்தில் இடும் ஒரு முடிச்சு வழங்குகிறது. எண்ணிக்கைக்காக உள்ள சிறு மணிகள் கயிற்றில் ஏறியிறங்க முடியாதபடி தடுக்கும் முடிச்சு அது. எண்ணுவதற்கென்று பிறந்த மாலையை எண்ண இயலாதபடி கட்டிவிடுவது! உலகத்துச் சமயக் கருவிகளில் இவ்வளவு ஆழமான தத்துவத்தை ஒரு கயிற்று முடிச்சில் சொன்னது வேறு உண்டா என்று எனக்குத் தெரிந்தவரையில் நினைத்துப் பார்க்கிறேன். அதே ரென்னியோ, மாலையே வேண்டாமென்று வெறுங்கையோடு கும்பிட வந்தவர்களை, புத்தரை வெறுங்கையால் பிடிப்பதுபோல இருக்கிறது என்று கண்டித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். மாலையால் முக்தி வந்துவிடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். ஆதாயம் தராத பொருளையும் மரியாதைக்காகக் கையில் வைத்திரு என்பதே அவர் சொன்னதன் தாத்பரியமாக நான் கொள்கிறேன்.

ஆகவே அருமையான மரத்தைக் கையில் எடுப்பது தன்னளவில் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அருமை எப்படி வந்தது என்று விசாரிக்கவேண்டும். தமிழில் அருமை என்ற சொல் அபூர்வத்தையும் மேன்மையையும் சேர்த்தே குறிப்பதால் நாம் இதில் ஏமாந்துபோவது சுலபம். காலம் கொடுத்த அருமை ஒன்று. நூறும் ஆயிரமுமான மழைக்காலங்கள் உள்ளே இறுகியதால் வந்தது. சூறையாடல் கொடுத்த அருமை மற்றொன்று. நேற்றுவரை காடாய் நின்றது இன்று இல்லாமற்போனதால் வந்தது. கடைத்தெருவில் இரண்டுக்கும் ஒரே விலைச்சீட்டு.

செஞ்சந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவின் இரண்டு ஹொங்கான்ஜி கோயில்களை ஒட்டிய பகுதியில் ஜபமாலைக் கடைத் தெரு என்றே பெயர்பெற்ற தெருக்கள் உள்ளன. அந்த ஊர்ப் பணியாளர்கள் ஷிதான் மணிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கோத்துவந்தார்கள். கோகியில் ஷாமிசென் வாத்தியத்தின் தண்டைக் கடைந்தவர்கள், அதில் அலையலையாக மின்னும் ரேகையைத் தேடித் தேடி எடுத்தார்கள். அந்தக் கண்ணின் நுட்பத்தை நான் வணங்குகிறேன். ஆனால் 1995-ஆம் ஆண்டு முதல் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கும் அந்த மரத்துக்குக் கீழ்த்திசை நாடுகளில், பெரும்பாலும் சீனச் சந்தையில், எழுந்த பசி, சேஷாசலம் காடுகளைக் கத்தி முனைக்குக் கொண்டுவந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிக்கு இரையான இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலியாட்கள். ஜவ்வாது மலையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் பிறந்த ஏழைகள் அவர்களில் பலர். கட்டையைச் சுமந்தவனுக்கு அது எந்த ஊரில் மணியாகவோ நாற்காலியாகவோ மாறும் என்பது தெரியாது. உருட்டுகிறவனுக்கும் சுமந்தவன் யாரென்று தெரியாது. இந்த இரண்டு அறியாமைக்கும் நடுவில் 108 மணிகள் சுழல்கின்றன. நம்மிடையிலும் சில ஆண்டுகளாகக் கருங்காலி மாலைக்கு ஏற்பட்டிருக்கும் மோகத்தைப் பார்க்கும்போது, கழுத்தில் போட்டால் கஷ்டம் தீரும் என்று நம்பி வாங்கும் எளிய ஜனங்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏதோ ஒரு மரத்துக்குச் சாயமேற்றி அதை அவர்கள் தலையில் கட்டுகிற வியாபாரத்தின்மேல் வருகிறது.

என் கைக்கு வந்த மாலையின் மரம் யாகுசுகி. ஜப்பானின் தென்பகுதியில், மழை மிகுந்த கருங்கல் தீவான யாகுஷிமாவின் மலைகளில் விளையும் தேவதாரு போன்ற மரம். ஆயிரம் ஆண்டு கடந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். அதற்குக் குறைந்தவற்றைச் சிறுமரம் என்றுதான் சொல்வார்கள். சாரமற்ற மண்ணில் மெள்ள மெள்ள வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருங்கிப் பிசின் செறிந்து, வீழ்ந்த பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் உளுத்துப்போவதில்லை. தீவினர் அவற்றைத் தெய்வத்தின் மரங்கள் என்று அஞ்சித் தொடாமலிருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தோமாரி ஜோச்சிகு என்னும் துறவி, ஜனங்களின் வறுமையைக் கண்டு, மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்து, வெட்டலாம் என்று தெய்வம் அனுமதித்ததாகச் சொன்னாராம். முதல் நாள் இரவு கோடரியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வரவேண்டும். விடியும்போது அது சரிந்து விழுந்திருந்தால் அந்த மரத்தைத் தொடக்கூடாது. அப்படி வெட்டியவை கூரை ஓட்டுப் பலகைகளாகி, சத்சுமா பிரபுவுக்கு வரியாகப் போயின. நேராகப் பிளக்க வராத, முண்டும் முடிச்சுமான மரங்களை விட்டுவிட்டார்கள். இன்று யாத்திரிகர்கள் ஏறிப்போய்த் தரிசிக்கும் மகாவிருக்ஷங்கள் அந்த உபயோகமற்றவையே. அதே மலையில் வில்சன் அடிமரம் என்று ஒன்று இருக்கிறது. தீவினர் தொடாதிருந்த அந்தக் காலத்திலேயே, ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கட்டிய கியோட்டோ மகாபுத்தர் கோயிலுக்காக 1586-இல் வெட்டப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தப் புத்தரும் மண்டபமும் பூகம்பத்திலும் நெருப்பிலும் பலமுறை அழிந்து இன்று இல்லை. அடிமரம் இருக்கிறது, உள்ளே பத்துப் பேருக்குமேல் நிற்கக்கூடிய பொந்தில் ஒரு ஊற்று ஓடுகிறது, சிறு கோயிலும் உண்டு.

இப்போது உயிருள்ள யாகுசுகியை வெட்டுவதில்லை. பழங்காலத்தவர் வெட்டி விட்டுப்போன அடிக்கட்டைகளும், பாசி மூடிக் காட்டில் புதைந்துகிடந்த துண்டுகளுமே கைவினைக்காரர்களுக்குக் கிடைத்தன. தோமாய்போகு, மண்ணில் புதைந்த மரம், என்று அவற்றுக்குப் பெயர். காலம் தானாக விட்டுக்கொடுத்ததை மாத்திரம் எடுப்பது. அதுவும் தீர்ந்துபோகும் என்று அறிந்து எடுப்பது. வெட்டிய பாவம் இந்த மணியில் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குமுன் பசித்த ஒருவன், கோடரியை இரவெல்லாம் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்காமல் விழித்திருந்த பாவம் அதில் இருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணியைப் பார்த்தேன். ஒரு புறத்தில் ரோமம்போன்ற கோடுகள் பதின்மூன்று. நடுவில் துளை அவற்றில் நான்கைந்தை ஊடுருவிச் செல்கிறது. பதின்மூன்று கார்காலங்கள், எந்த நூற்றாண்டினவோ. கயிறு சில வருஷங்களில் நைந்து அறும் என்றும், அறுந்தால் கவலைப்படவேண்டாம், தீவினை ஒன்று அறுந்ததாக அந்த ஊரில் சொல்லிக்கொண்டு மணிகளை மீண்டும் கோத்துக்கொள்வார்கள் என்றும் நண்பர் சொல்லியிருந்தார்.

முதல் மாதம் அதைப் பட்டிலே சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். இப்போது பூஜையறை ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு வரும் குழந்தைகள் எட்டி எடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள்; எதிர்வீட்டுச் சிறுமி போன வாரம் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடினாள். பெரிய மணியில் ஒரு சிறு கீறல் விழுந்திருக்கிறது.